பெஞ்சைக் காலி செய்வது எப்படி

அன்றைக்குக் கரும்பலகையில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. காலையிலிருந்தே மேகம் இறங்கிக் கிடந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக வகுப்புக்குள் நுழைந்து பலகையெல்லாம் ஈரம். மலர்விழி மேடம் சால்வை நுனியால் துடைத்துவிட்டு எழுதினார். பாதி எழுத்து விழுந்தது, பாதி வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி துடைத்து, அழுத்தி எழுதினார்.

‘ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவது எப்படி?’

வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. நாங்கள் கொடைக்கானலில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். பெண்களைப் படிக்க வைப்பதற்காகவே கட்டிய கல்லூரியில், மேடமே இப்படி எழுதினால் சிரிக்காமல் என்ன செய்வது?

மேடமும் சிரித்தார். “நிஜமாத்தான் கேக்குறேன். ஒருத்திய காலேஜ விட்டு நிப்பாட்டணும். யாரும் உங்க மேல குத்தம் சொல்லக் கூடாது. என்ன பண்ணுவீங்க?”

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று திரும்பிப் பார்த்தோம். தெய்வானை.

அவள் வகுப்பில் பேசி நான் கேட்டது, வருகைப் பதிவுக்கு ‘எஸ் மேடம்’ சொல்வது மட்டும்தான்.

ஐடியா என்பது வசவு

தெய்வானை என்ன சொன்னாள் என்பதற்கு முன், அந்தக் கேள்வி பலகைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கடைசி வருடத்தில் எல்லோரும் ஒரு பிராஜெக்ட் செய்ய வேண்டும். மூன்று பேர் ஒரு குழு. ஏதாவது ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு வழி சொல்லி, அதைச் செய்தும் பார்க்க வேண்டும். எங்களுக்கு முன் படித்தவர்கள் எல்லோரும் மூன்று தலைப்புகளைத்தான் மாற்றி மாற்றிச் செய்திருந்தார்கள். வீட்டுச் சாக்லேட் விற்பனை, யூகலிப்டஸ் தைலம், பிளாஸ்டிக் ஒழிப்பு. நாங்களும் அதில் ஒன்றைத் தூசி தட்டி எடுப்பதாகத்தான் இருந்தோம்.

மலர்விழி மேடம் அந்த வருடம்தான் வேலைக்கு வந்திருந்தார். தற்காலிக வேலை. எங்களைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார். குளிர் தாங்காமல் எந்நேரமும் ஒரு மெரூன் சால்வை. பழைய தலைப்புகள் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஐடியா வராவிட்டால் வரவழைக்க வழிகள் இருக்கின்றன, அதை நான் சொல்லித் தருகிறேன் என்றார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டில் ஐடியா என்பது ஒரு வசவுச் சொல். என் அப்பா சுற்றுலா வேன் ஓட்டினார். ஒரு வருடம் அவர், வேன் மலையோடு மலையாகத் தெரிய வேண்டும் என்று அதற்கு வெளிர் சாம்பல் பெயின்ட் அடித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் மழைக்காலத்தில், மேகத்துக்குள் நிறுத்தியிருந்த வேன் கண்ணுக்கே தெரியாமல் ஒரு பள்ளிப் பேருந்து பக்கவாட்டைச் சீவிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு அப்பா எதையாவது யோசிக்கிற மாதிரி உட்கார்ந்தாலே அம்மா, “உங்க அப்பாவுக்கு ஐடியா வருது, சாவிய எடுத்து ஒளிச்சு வை” என்பார்.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். தவறான பதில் சொன்னால் நிற்க வேண்டும். சரியான பதில் தெரிகிற வரை வாய் திறக்காமல் இருப்பது நல்லது என்று நாங்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தோம்.

மேடம் சொல்லித் தந்த முதல் வழி அதற்கு நேர் எதிர். கொஞ்ச நேரத்துக்கு யாரும் யாரையும் ‘அது சரி வராது’ என்று சொல்லக் கூடாது. அபத்தமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். சொன்னதை எழுத வேண்டும். நல்லது கெட்டது பார்ப்பதெல்லாம் பிறகு.

இரண்டாவது வழி இன்னும் வேடிக்கை. கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்து விரல் வைக்க வேண்டும். வருகிற சொல்லையும் நம் பிரச்சினையையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் பிருந்தா விரல் வைத்தாள். ‘பல்லி’ என்று வந்தது. பிருந்தா பழனிக்காரி. அவள் வீட்டில் அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார்கள். விடுதியில் தங்கிப் படித்தாள். பல்லி என்றதும் அவள் பல்லி விழும் பலன் முழுவதையும் ஒப்பித்தாள். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று வகுப்பே அன்றைக்கு அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. பிராஜெக்ட் ஒன்றும் பிறக்கவில்லை.

குழு பிரித்தபோது நானும் பிருந்தாவும் சேர்ந்துகொண்டோம். மூன்றாவதாக யார் என்று பார்த்தபோது தெய்வானை மட்டும்தான் மிச்சம் இருந்தாள். பூண்டியிலிருந்து வருகிறவள். அது மேல்மலையில், பூம்பாறையெல்லாம் தாண்டி, மன்னவனூரும் தாண்டிப் போக வேண்டிய ஊர். பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். பஸ் வந்தால் வருவாள், வராவிட்டால் இல்லை.

பிரச்சினையை எங்கேயோ போய்த் தேடாதீர்கள், இந்த அறைக்குள்ளேயே தேடுங்கள் என்று மேடம் சொன்னபோது, பிருந்தா சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் வருடத்தில் பெஞ்சுக்கு நாலு பேர் நெருக்கி உட்கார்ந்தோம், இப்போது பின் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன என்றாள். அதுதான் எங்கள் தலைப்பு ஆனது. ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று மேடம் கேட்டார். வறுமை, விழிப்புணர்வு இன்மை என்று பரீட்சையில் எழுதுவது போலவே எல்லோரும் சொன்னோம். மேடம் முகத்தில் ஒரு சலிப்பு தெரிந்தது.

அப்போதுதான் மூன்றாவது வழியைக் கையில் எடுத்தார். கேள்வியைக் குப்புறக் கவிழ்த்துப் போடுவது.

அவள் சொன்னவை

“நாலு மணி பஸ்ஸ நிப்பாட்டிரணும்,” என்றாள் தெய்வானை.

சிரித்தோம். மேடம் எழுதிக்கொண்டார். இன்னும் சொல்லு என்றார்.

“பூண்டு எடுக்குற வாரத்துல பரீட்சைய வைக்கணும்.”

அதையும் எழுதினார்.

“படிக்காதன்னு மட்டும் சொல்லிறக் கூடாது மேடம். சொன்னா சண்ட போட்டுப் படிச்சுரும். ‘நல்லாப் படி தாயி, இந்த ஒரு வாரம் மட்டும் நின்னுக்க’ன்னு சொல்லணும். ஒவ்வொரு வாட்டியும் அப்படியே சொல்லணும்.”

இப்போது சிரிப்பு குறைந்திருந்தது.

“லீவு முடிஞ்சு வந்தா, எந்திரிக்கச் சொல்லி, ஏன் வரலன்னு எல்லாரு முன்னாடியும் கேக்கணும். ரெண்டு தடவ கேட்டாப் போதும். அப்புறம் வராது.”

மேடத்தின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் எழுதினார்.

“அவ இல்லேன்னா அந்தச் சோலியப் பாக்க வேற ஆளே கெடையாதுன்னு அவளே நம்பிறணும். அவ்வளவுதான் மேடம். அதுக்கப்புறம் நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளே லேசாகச் சிரித்தாள், ஏதோ விடுகதைக்கு விடை சொன்னவள் போல. அதனால் நாங்களும் சிரித்துவிட்டோம். பலகை நிறைந்திருந்தது. கடைசி வரி ஈரத்தில் கரைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மணி அடித்ததும் பிருந்தா அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவு நாள் இதையெல்லாம் எங்கடி வைத்திருந்தாய் என்று கேட்டாள். எங்களுக்கு அது ஒரு கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. இத்தனை சொன்னவள் இதில் எத்தனையைத் தன் வீட்டில் கேட்டிருப்பாள் என்று அந்த வயதில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்.

மாத்தாள்

கவிழ்த்த கேள்வியை மறுபடி நிமிர்த்த வேண்டும் என்றார் மேடம். ஒவ்வொரு கெட்ட யோசனைக்கும் எதிரானதை எழுதுங்கள், அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பஸ் எங்கள் கையில் இல்லை. பரீட்சைத் தேதியும் இல்லை. கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் கேன்டீனில் உட்கார்ந்தோம். அந்த வேலையைப் பார்க்க வேறு ஆள் உண்டு என்று எப்படிச் செய்வது?

தெய்வானைதான் செய்தாள். டீ டம்ளரின் அடியை மேசையில் பதித்து மூன்று ஈர வட்டங்கள் போட்டாள். முதல் வட்டத்தைக் காட்டி, பிருந்தாவின் கடையில் எப்போது கூட்டம் என்று கேட்டாள். தைப்பூசம், அப்புறம் பங்குனி உத்திரம் என்றாள் பிருந்தா. அடுத்த வட்டம் எங்கள் வீடு. என் அம்மா சுற்றுலா வருகிறவர்களுக்கு இரண்டு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சித்திரையும் வைகாசியும்தான் நிற்க நேரமில்லாத காலம். மூன்றாவது வட்டம் தனக்கு என்றாள். மாசியில் பூண்டு எடுப்பு.

“ஒரே நேரத்துல மூணு பேருக்கும் சோலி வர்றதில்ல பாத்தீங்களா,” என்றாள். “எங்க ஊர்ல மாத்தாளுன்னு ஒண்ணு உண்டு. இன்னிக்கு நான் ஒன் காட்டுக்கு வந்தா, நாளைக்கு நீ என் காட்டுக்கு வரணும். ஆனா எங்களுக்கு எல்லாக் காடும் ஒரே வாரத்துல விளஞ்சுருது, அதான் சிக்கல். மேல இருக்குறவளும் டவுன்ல இருக்குறவளும் பழனில இருக்குறவளும் மாத்திக்கிட்டா ஒருத்தியும் லீவு போட வேண்டியதில்ல. சனி ஞாயிறே போதும்.”

நான் பிருந்தாவைப் பார்த்தேன், பிருந்தா என்னைப் பார்த்தாள். மேடத்திடம் ஓடினோம். மேடம் கேட்டுவிட்டுத் தெய்வானையைப் பார்த்தார். வகுப்பு முழுவதையும் இதில் சேர்த்துவிடுங்கள் என்றார்.

அடிவாரத்தில் ஒரு கண்ணாடி

தைப்பூசத்துக்கு முந்தைய சனிக்கிழமை நாங்கள் ஆறேழு பேர் பழனிக்குப் போனோம். பஸ்ஸில் பாதிப் பேருக்கு வளைவில் தலை சுற்றியது. இறங்கியதும் அந்த வெயில் முகத்தில் அறைந்தது. எங்கள் ஸ்வெட்டரெல்லாம் கையில் சுமையானது.

பாதயாத்திரை வந்தவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். காவடி மணிச் சத்தம், விபூதி வாசனை, பஞ்சாமிர்தக் கடை வாசலில் மொய்க்கும் ஈ, கால் சுடுகிறது என்று ஓரமாக ஓடும் பிள்ளைகள். பிருந்தாவின் அப்பா எங்களைப் பார்த்ததும், படிக்கிற பிள்ளைகளை வேலை வாங்குவதா என்று முதலில் தயங்கினார். பிறகு தயங்க அவருக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

நான் விபூதிப் பொட்டலம் மடித்தேன். மோசமாக மடித்தேன். தெய்வானை கடை முன்னால் நின்றாள். வகுப்பில் குரல் எழாதவள், அங்கே தெருவுக்கே கேட்கிற மாதிரி, “வாங்கண்ணே, வாங்கம்மா, சந்தனம் இங்க இருக்கு” என்று கூப்பிட்டாள். மத்தியானம் வாக்கில் கடைக்குள்ளிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து வாசல் தூணில் மாட்டினாள். எதற்கு என்று கேட்டார் பிருந்தாவின் அப்பா. பொறுங்க என்றாள்.

மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் கண்ணாடியைக் கண்டதும் நின்றார்கள். புது மொட்டையைத் தடவிப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள், பிள்ளை தன்னையே அடையாளம் தெரியாமல் அழுதது. நின்றவர்கள் சந்தனம் வாங்கினார்கள், வெயிலுக்குத் தொப்பி வாங்கினார்கள். சாயங்காலத்துக்குள் தொப்பி எல்லாம் தீர்ந்துவிட்டது.

கிளம்பும்போது பிருந்தாவின் அப்பா, இந்தப் பிள்ளை படித்து முடித்ததும் எங்கேயும் வேலை தேட வேண்டாம், நேராக இங்கே வந்துவிடட்டும் என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. தெய்வானை மூக்குத்தியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். படித்து முடித்ததும் பூண்டியிலேயே ஒரு கடை, பூண்டை ஆறு மாதம் கெடாமல் காய வைத்து அடுக்கி, ஊர்ப் பேர் போட்டு விற்பது. எங்கே வைப்பது, வாசலில் எதை மாட்டுவது என்பது வரை யோசித்து வைத்திருந்தாள். மலை ஏற ஏறக் குளிர் வந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை.

அவளை நினைக்கும்போதெல்லாம் அந்த பஸ் பயணம்தான் எனக்கு முதலில் வருகிறது.

பூண்டு எடுத்தோம்

மாசி பிறந்தது. தெய்வானை வரவில்லை.

இரண்டு நாள் பஸ் வரவில்லை போல என்று நினைத்தோம். அவள் வீட்டு போனுக்கு அங்கே சிக்னல் கிடைப்பது அபூர்வம். மன்னவனூரிலிருந்து வரும் ஒரு முதலாமாண்டுப் பெண்தான் செய்தி கொண்டுவந்தாள். தெய்வானையின் அம்மா காட்டில் வரப்பு வழுக்கி, கீழ்த் தட்டில் விழுந்துவிட்டாராம். மலைச் சரிவில் படிபடியாக வெட்டிய காடு. ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு ஆள் உயரம் இருக்கும். இடுப்பில் அடி. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்து, இப்போது படுக்கையில் கிடக்கிறார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மேடமும் நானும் பிருந்தாவும் இன்னும் சில பெண்களும் கிளம்பினோம். எங்கள் முறை வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். மாத்தாள் என்று பேசியது இதற்காகத்தானே.

தெய்வானையின் அப்பா காட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார். மெலிந்த மனிதர். தலையில் கம்பளித் தொப்பி. இத்தனை பெண்கள் வரிசையாக வரப்பில் இறங்கி வருவதைப் பார்த்துத் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். வாங்கம்மா, வாங்க என்றார். மகளின் ஸ்நேகிதிகளுக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லையே என்பதுதான் அவருக்கு முதல் கவலையாக இருந்தது.

பூண்டு எடுப்பது பார்க்க எளிது. தாளைப் பிடித்து இழுத்தால் தாள் கையோடு வரும், பூண்டு மண்ணுக்குள் கிடக்கும். அவர் கொத்தி இளக்கிக் கொடுக்க, நாங்கள் பிடுங்கி, மண் உதறி, கட்டுக் கட்டாகப் போட்டோம். மேடம் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். நகக்கண்ணெல்லாம் காந்தியது. மழை வந்தால் பிடுங்கிய பூண்டு அழுகிவிடும் என்பதால் வெரசா, வெரசா என்று தெய்வானையின் அப்பா எங்களை விரட்டவும் முடியாமல், விரட்டாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்.

தெய்வானை வீட்டுக்கும் காட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். உள்ளே அம்மா கூப்பிட்டால் ஓடுவாள். வந்து எங்களுடன் கொஞ்சம் பிடுங்குவாள். மறுபடி ஓடுவாள். எங்களோடு ஒரு முழு வரிசையை அவளால் முடிக்க முடியவில்லை.

அன்று அங்கேயே தங்கி, மறுநாள் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டோம். காடு வெறுமையாகக் கிடந்தது. தெய்வானையின் அப்பா முகம் தெளிந்திருந்தது. “திங்கக்கெழம பிள்ளைய வெள்ளனே பஸ் ஏத்தி விட்டுர்றேன் டீச்சர். அது படிக்கட்டும்,” என்று மேடத்திடம் சொன்னார். அவர் அதை மனதாரச் சொன்னார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். எங்கள் மேலெல்லாம் பூண்டு வாடை. கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். திட்டம் ஜெயித்துவிட்டது.

மாற்ற முடியாத வேலை

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். தெய்வானை வாசலில் உட்கார்ந்து பூண்டுத் தாளைப் பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ரொம்பச் சூடாக இருந்தது. உள்ளே அடுப்புக்கு மேலே நாங்கள் எடுத்த பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கியது. அதன் கீழே கட்டிலில் அவள் அம்மா. வாம்மா என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபத்தால் அல்ல. தன்னால்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் வகுப்புக்கு வா என்றேன். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, வருகைக் குறைவுக்கு மேடம் முதல்வரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்றேன். காட்டு வேலை மறுபடி வந்தால் நாங்கள் வருகிறோம், எத்தனை தடவை வேண்டுமானாலும் வருகிறோம் என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“பூண்டு எடுக்க ஆள் மாத்திக்கிரலாம் ஸ்டெல்லா. அம்மாவத் தூக்கி ஒதுங்க வைக்கணும், தொடச்சு விடணும், சேல மாத்தணும். அப்பா கிட்டப் போனா அம்மா அழுகுது. அதுக்கு யார மாத்தி விட முடியும்?”

உள்ளேயிருந்து கூப்பிடும் சத்தம் வந்தது, போய்விட்டாள். நான் அவள் விட்ட இடத்திலிருந்து பூண்டுத் தாளைப் பின்னப் பார்த்தேன், அது அவிழ்ந்துகொண்டே இருந்தது.

மலர்விழி மேடம் விடவில்லை. முதல்வர் அறைக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தார். வருகைக் குறைவை மன்னிக்கச் செய்து அனுமதி வாங்கிவிட்டார். தெய்வானைக்கு ஹால் டிக்கெட் வந்தது. தேர்வு நாட்களில் என் வீட்டிலேயே அவள் தங்குவது என்றும், அந்த நாட்களுக்கு மட்டும் கவுஞ்சியிலிருந்து அவள் அத்தை வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வது என்றும் ஏற்பாடு. என் அம்மா அவளுக்காக அறையில் கம்பளி மாற்றி வைத்திருந்தார். முதல் தேர்வுக்கு முந்தைய நாள் அத்தை வீட்டில் ஒரு சாவு. அத்தை வர முடியவில்லை. அவளும் வர முடியவில்லை. யாரைக் குறை சொல்வது?

தேர்வறையில் எனக்கு முன்னால் அவள் எண் எழுதிய பெஞ்ச் கடைசி வரை அப்படியே இருந்தது.

முதல் பரிசு

தேர்வுக்குப் பிறகு கல்லூரியில் நடந்த பிராஜெக்ட் கண்காட்சியில் எங்களுக்கு முதல் பரிசு கிடைத்தது.

வெளியிலிருந்து வந்திருந்த நடுவர்கள் மூன்று வட்டப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்கள். இது யாருடைய யோசனை என்று கேட்டார்கள். பிருந்தா தெய்வானையின் பெயரைச் சொன்னாள். அவர் எங்கே என்று கேட்டார்கள். பிருந்தா என்னைப் பார்த்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வர முடியவில்லை என்றேன். நடுவர் தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

சான்றிதழில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. தேர்வு எழுதாதவர் பெயரைப் போடுவதற்கு விதி இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மேடம் வாதாடினார், நாங்களும் வாதாடினோம். நடக்கவில்லை. பரிசு வாங்கும் புகைப்படத்தில் நானும் பிருந்தாவும் நிற்கிறோம். இருவரும் சிரிக்கவில்லை. பார்க்கிறவர்கள் குளிர் என்று நினைப்பார்கள்.

அடுத்த வருடம் மேடத்தின் வேலை முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். பிருந்தா கடையைப் பார்த்துக்கொள்கிறாள். நான் அம்மாவின் இரண்டு அறைகளை ஐந்தாக்கி நடத்திக்கொண்டிருக்கிறேன். தெய்வானையின் அம்மா எழுந்து நடக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பாடத்திட்டம் மாறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். அவளுக்கு மன்னவனூரில் கல்யாணம் ஆனது. போனேன். அவள் பட்டுச் சேலையில் அழகாக இருந்தாள். எங்கள் பேச்சில் கல்லூரி வரவில்லை, இருவருமே கவனமாக இருந்தோம்.

எங்கள் கையில் வழிகள் நிறைய இருந்தன. அகராதியில் விரல் வைத்தோம், கேள்வியைக் கவிழ்த்தோம், நிமிர்த்தினோம், வட்டம் போட்டோம். மூளை உள்ள ஒரு பெண் தன் மூளையையே எங்களுக்குக் கொடுத்தாள். அவளைக் காப்பாற்றுகிற அளவுக்கு எங்கள் யாருக்கும் அது போதவில்லை. இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆறாத வருத்தம், அவ்வளவுதான்.

சந்தையில்

கொஞ்ச நாளைக்கு முன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு விருந்தினருக்குக் காய் வாங்கப் போயிருந்தேன். கேரட் மூட்டைகளுக்கு நடுவே தெய்வானை உட்கார்ந்திருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார வைத்தாள். பிள்ளைகள் பற்றிப் பேசினோம். மகள் பூம்பாறைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்றாள்.

வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். பதினொரு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றாள். அதற்குள் என்ன அவசரம் என்றேன்.

“பக்கத்து வீட்டுப் பிள்ள திண்டுக்கல்ல நர்சிங் படிக்குது. அதோட அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. மதியம் கஞ்சி குடுத்து, தொடச்சு, திருப்பிப் படுக்க வைக்கணும். சாயந்திரம் ஒருக்கா.”

“தெனமுமா?”

“ஆமா, இது ரெண்டாவது வருஷம். அந்தப் பிள்ள நின்னுர்றேன்னுச்சு. நான்தான் போகச் சொல்லி அனுப்புனேன்.”

விலை கேட்ட ஒருவருக்குக் கேரட்டை நிறுத்துப் போட்டாள். நான் கேட்க நினைத்ததைக் கேட்கலாமா என்று தயங்கினேன். அவளுக்கே தெரிந்துவிட்டது.

“அன்னிக்கும் எங்க வீட்டுப் பக்கத்துல நாலு வீடு இருந்துச்சு ஸ்டெல்லா,” என்றாள். “யாரும் வர மாட்டேன்னு சொல்லல. அம்மாவத் தொட்டுத் தூக்க வாங்கன்னு போயி கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல.”

பஸ் ஹாரன் கேட்டது. மிச்சக் கேரட்டை என் பையில் கொட்டிவிட்டு, காலிச் சாக்குகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் நல்ல கூட்டம். படியில் ஏறுவதைப் பார்த்தேன். பிறகு உள்ளே எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. எல்லா ஜன்னலையும் பார்த்தபடி நின்றேன், பஸ் திரும்பி மறையும் வரை.